பிரபுவும் மூன்று பென்ஸும்

அன்புள்ள ஐயா,

என் கணவர் இங்கிலாந்துக்காரர், பூர்வீகம் லிங்கன்ஷயர். மகளைப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். என் பக்கம் கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிட்டது. கணவர் பக்கத்தை நான்தான் தேடினேன். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைப் பிடித்துக்கொண்டு 1841 மக்கள்தொகைக் கணக்கு வரை வந்துவிட்டேன். அதில் ஒரு மூதாதை: வயது 45, தொழில் 'ஏஜி லேப்'. விவசாயக் கூலி என்பதன் சுருக்கமாம். மகள் அவரை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்று நினைத்துக்கொண்டாள். 1851 கணக்கில் அவருக்கு வயது 57, பிறந்த ஊர் பக்கத்துக் கிராமம். திருமணம் 1818இல். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஓர் எக்ஸ்.

அவர் பெயரில் இரண்டு ஞானஸ்நானங்கள் கிடைக்கின்றன. ஒன்று அவர் வாழ்ந்த ஊரிலேயே, 1791இல். தந்தை நிலம் வைத்திருந்த விவசாயி. மற்றது பக்கத்துக் கிராமத்தில், 1794 ஜனவரியில். தந்தை கூலி, ஓரத்தில் 'பி' என்று ஆங்கில எழுத்து. இணையத்தில் யாரோ போட்டிருக்கும் மரம் 1791ஐ எடுத்துக்கொண்டு 15ஆம் நூற்றாண்டுப் பிரபு ஒருவர் வரை போகிறது. மகளுக்கு ஒரே சந்தோஷம். நம்பலாமா? அந்த 'பி' என்ன? அதே மரத்தில் ஒரு தம்பதிக்கு 1702 ஜூனில் கல்யாணம், 1702 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று இருக்கிறதே, அது எப்படி?

(பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள சகோதரி,

மகளிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்லவேண்டும். பிரபு உங்கள் கணவரின் மூதாதை இல்லை.

கோயில் பதிவேடுகளின் பிறப்பிலிருந்தே தொடங்குகிறேன். 1538இல், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு பாரிஷிலும், அதாவது ஒரு கோயிலின் எல்லைக்குட்பட்ட ஊரிலும், அந்த வாரம் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பாதிரியார் ஞாயிறுதோறும் எழுதி, இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்கவேண்டும். அதற்கு முன் ஊர் ஊராக இப்படி ஓர் ஏடு கிடையாது. ஆரம்பத்தில் எழுதியவை பெரும்பாலும் காகிதம். 1598இல் அவற்றைத் தோலில் படியெடுக்கச் சொன்னபோது, எலிசபெத் ராணி பட்டமேறிய காலத்திலிருந்தாவது எழுதுங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார்கள். அது போதாதா நம் பாதிரிமார்களுக்கு! பல ஊர்களில் ஏடு 1558இல்தான் தொடங்குகிறது. அப்புறம் உள்நாட்டுப் போர். 1642க்கும் 1660க்கும் இடையில் பக்கம் பக்கமாக வெற்றிடம்.

ஆக, 15ஆம் நூற்றாண்டுப் பிரபுவுக்குக் கோயில் ஏட்டில் இடமே இல்லை. நில உடைமை ஆவணங்களிலும் உயில்களிலும் பிரபுக்களின் வம்சம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து இறங்கி வரும் கயிறும் உங்கள் கூலிக்காரரிடமிருந்து ஏறிப் போகும் கயிறும் ஒரு முடிச்சில் சேரவேண்டுமே. அந்த மரத்தில் முடிச்சாக இருப்பது பெயர் ஒற்றுமை மட்டும்தான்.

பிப்ரவரிக் குழந்தையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். நமக்குச் சித்திரையில் வருடம் பிறப்பதுபோல அவர்களுக்கு அப்போது மார்ச் 25இல் பிறந்தது. 1752இல்தான் ஜனவரி 1க்கு மாறினார்கள். ஏட்டில் 1702 பிப்ரவரி என்றால் நம் கணக்கில் 1703. திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. எட்டுதானே என்று விரல் மடக்கவேண்டாம், வயிற்றில் பிள்ளையோடு மணமேடைக்கு வந்த பெண்களை இந்த ஏடுகளில் நிறையவே பார்க்கலாம். எனக்கு உறுத்துவது வேறு: தாய்க்குக் கல்யாணம் ஆவதற்கு முன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று போட்டுவிட்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த கிளைக்குத் தாவியிருக்கிறார் மரம் வளர்த்தவர்.

சரி, உங்கள் ஆளுக்கு வருவோம். விடையை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். 1841 கணக்கில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 45 என்றால் 45 முதல் 49 வரை எதுவும் இருக்கலாம். 1851இல் வயதை முழுதாகக் கேட்டார்கள், பிறந்த பாரிஷையும் கேட்டார்கள். 57 என்றால் பிறப்பு 1793 அல்லது 1794இன் தொடக்கம். ஊர் பக்கத்துக் கிராமம். இரண்டும் 1794 ஜனவரிக் குழந்தையைத்தான் காட்டுகின்றன. ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி இல்லை, அவர் 1793 கடைசியில் பிறந்திருக்கலாம். வயதை மட்டும் வைத்துச் சாதிக்கமாட்டேன், அதைச் சொந்தக்காரர்களே மறந்துபோவார்கள். ஊரோடு சேர்ந்து வரும்போது அதற்குக் கனம் உண்டு.

அப்படியென்றால் 1791 குழந்தை? அதன் அடக்கத்தை யாராவது தேடினார்களா? மூதாதை தேடுகிற எல்லோரும் ஞானஸ்நான ஏட்டில் விழுந்து புரள்கிறோம், அடக்க ஏட்டைத் தொடுவதில்லை. நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். இங்கிலாந்தில் இருந்த நாட்களில், குடியிருந்த வீட்டுக்காரருக்கு வம்சாவளி எழுதித் தருகிறேன் என்று கிளம்பி, நான்கு தலைமுறை கட்டி எழுப்பினேன். எந்தப் பையன்மேல் அத்தனையையும் ஏற்றி வைத்தேனோ அவன் ஒன்பது மாதத்தில் இறந்து புதைக்கப்பட்டவன். அடக்க ஏட்டில் ஒரே ஒரு வரி. இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கே சாதாரணம் என்பதால், அதே வீட்டிலேயே அதே பெயரில் இரண்டாவது பையனும் இருந்தான். 1813க்கு முந்தைய அடக்கப் பதிவுகளில் வயது அபூர்வம், ஆனால் குழந்தை என்றால் 'இன்னார் மகன்' என்று போட்டிருப்பார்கள். 1813 முதல் அச்சடித்த படிவம் வந்துவிட்டது. அடக்கத்தில் வயதும் ஊரும், ஞானஸ்நானத்தில் தந்தையின் தொழிலும் கட்டாயமாயின.

ஒரு பொறாமையையும் சொல்லிவிடுகிறேன். ஹம்பர் ஆற்றுக்கு வடக்கே யார்க்ஷயரில், 1770களில் வில்லியம் டேட் என்றொரு பாதிரியார் குழந்தையின் தாத்தா பாட்டி பெயர் வரை எழுதும் முறையைக் கொண்டுவந்தார். ஆறு தாண்டி இந்தப் பக்கம் பிறந்துவிட்டாரே உங்கள் ஆள்!

இனி அந்த 'பி'. பாப்பர், பரம ஏழை. 1538இலேயே ஜனங்கள் பயந்தார்கள், பெயரை எழுதுகிறார்களே, நாளைக்கு வரி கேட்கப்போகிறார்கள் என்று. பயம் பலித்தது. 1694இல் ஒரு சட்டம் வந்து சில வருடங்கள் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றுக்கும் வரி வாங்கினார்கள். மறுபடி 1783 அக்டோபரிலிருந்து பதிவு ஒன்றுக்கு மூன்று பென்ஸ். கூலிக்காரர் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. அந்த வரி தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடியிருக்கிறார்கள். ஏழைகளுக்கு விலக்கு உண்டு, அதற்கான அடையாளம்தான் இந்த எழுத்து. 1794இல் வரியை எடுத்துவிட்டார்கள். உங்கள் பதிவு அந்தக் கடைசி மாதங்களில் விழுகிறது. இளகிய மனசுக்காரப் பாதிரியார் கொஞ்சம் தாராளமாகவே 'பி' போட்டிருக்கவும் கூடும்.

ஏழை என்று தெரிந்ததில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. நடுத்தரமாகப் பிழைத்தவர் ஏட்டில் மூன்று முறை வந்துவிட்டுப் போய்விடுவார். பாரிஷின் காசைத் தொட்டவரை விடமாட்டார்கள். அன்றைய சட்டப்படி, நொடித்துப் போனவருக்கு யார் கஞ்சி ஊற்றுவது என்பதை அவருடைய 'செட்டில்மெண்ட்' தீர்மானித்தது. கல்யாணமாகாதவர் ஓர் ஊரில் முழுதாக ஒரு வருடம் கூலிக்கு இருந்தால் அந்த ஊரின் பொறுப்பு. அதனாலேயே ஐம்பத்தோரு வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்த விவசாயிகள் இருந்தார்கள். சந்தேகம் வந்தால் நீதிபதி முன் நிறுத்தி விசாரிப்பார்கள்: எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய், என்ன சம்பளம், பெண்டாட்டி யார், பிள்ளைகள் எத்தனை. எழுதத் தெரியாதவரின் வாழ்க்கை வரலாறு ஒரு பக்கத்தில், கீழே ஓர் எக்ஸ். பொறுப்பு வேறு ஊருடையது என்றால் குடும்பத்தையே அங்கே அனுப்பும் உத்தரவு போடுவார்கள். ஏழை நிவாரணக் கணக்குப் புத்தகத்தில் யாருக்குக் காலணி வாங்கினார்கள், யாருக்குச் சவப்பெட்டி செய்தார்கள் என்பதுகூட இருக்கும். எல்லா ஊரிலும் இவை தப்பிப் பிழைக்கவில்லை. பிழைத்தவை பெரும்பாலும் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஆவணக்காப்பகத்தில், 'பாரிஷ் பெட்டி' ஆவணங்களோடு கிடக்கும்.

லிங்கன் நகரத்து ஆவணக்காப்பகத்துக்குப் போகும்போது பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். உள்ளே பென்சில் மட்டும்தான். முதலில் கேட்கவேண்டியது, அவர் வாழ்ந்த ஊரின் 1791 முதல் 1800 வரையிலான அடக்க ஏடு. ஏடு பழுதாகி இருந்தால் ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிய நகல் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் பக்கத்துக் கிராமத்தின் நிவாரணக் கணக்கு. 1818 கல்யாணத்துக்குச் சாட்சி போட்டவர்களின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், அண்ணனோ தங்கையோ அகப்படலாம். அந்த வருடத்து எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே ஆள் சாட்சி என்றால் மட்டும் விட்டுவிடுங்கள், அவர் கோயில் குமாஸ்தா.