40,000 ரூபாய் கட்டும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்

களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ்ஸில் திருவனந்தபுரம் போய், சாஃப்ட்வேரைக் கையால் சோதிக்கும் மேனுவல் டெஸ்டராக இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஆட்டோமேஷன் படிக்கச் சொல்கிறார் டீம் லீட். மார்த்தாண்டத்தில் ஒரு சென்டரில் செலினியம் கோர்ஸுக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள், வேலைக்கு உத்தரவாதமாம். செலினியமா, பிளேரைட்டா? புரோகிராமிங் அவ்வளவாக வராது.

முதலில் பர்ஸை உள்ளே வையுங்கள், தம்பி. இரண்டுமே பிரவுசரைத் தானாக இயக்கி வெப்சைட்டைச் சோதிக்கும் கருவிகள், இரண்டுமே இலவசம். உங்களுக்கு பிளேரைட், கூடவே பைத்தான் மொழி. பட்டன் திரையில் வந்து அழுத்தத் தயாராகும் வரை பிளேரைட் தானே காத்திருக்கும். 2004-ல் பிறந்த செலினியத்தில் அந்தக் காத்திருப்பை நாம்தான் எழுத வேண்டும். புதியவர்கள் எல்லா இடத்திலும் ஐந்து வினாடி ஸ்லீப், அதாவது 'சும்மா காத்திரு' என்ற கட்டளை, போட்டு வைப்பார்கள். சர்வர் ஆறு வினாடி எடுக்கும் அன்று டெஸ்ட் படுத்துவிடும்.

ஒரு விஷயம் மட்டும் பாருங்கள். உங்கள் டீமில் ஏற்கெனவே ஜாவாவில் எழுதிய செலினியம் டெஸ்ட்டுகள் ஓடுகின்றனவா? ஓடினால் நான் சொன்னதை மறந்துவிட்டு செலினியமே படியுங்கள். பத்து டெஸ்ட் என்றால் பரவாயில்லை, மாற்றி எழுதலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் யாரும் மாற்ற விடமாட்டார்கள். பக்கத்து டீமில் இருக்கிறது என்பது கணக்கில்லை, உங்கள் டீமில் இருக்க வேண்டும். லீடிடமே கேளுங்கள்.

அந்த சென்டரிலும் ஒன்று கேளுங்கள்: "குரோம் டிரைவரைத் தனியாக டவுன்லோடு பண்ணணுமா?" ஆமாம், அதற்கே இரண்டு கிளாஸ் என்றால் படியிறங்கி வந்துவிடுங்கள். செலினியம் குரோம் பிரவுசரை இயக்க நடுவில் தேவைப்படும் புரோகிராம்தான் அந்த டிரைவர். 2022-ல் வந்த 4.6 பதிப்பிலிருந்து செலினியமே அதைப் பார்த்துக்கொள்கிறது. இவர்கள் விற்பது பழைய நோட்ஸ். கொடுமை என்னவென்றால், இன்டர்வியூவிலும் இதையேதான் கேட்கிறார்கள்! ஒரு டெஸ்ட் எழுதிக் காட்டச் சொல்ல எவருக்கும் பொறுமையில்லை.

வேலை உத்தரவாதம் என்பவர்களில் சிலர், இன்னொரு தொகை வாங்கிக்கொண்டு 'மூன்று வருஷ ஆட்டோமேஷன் அனுபவம்' என்று சான்றிதழும் தருவார்கள். தொடாதீர்கள். பின்னணிச் சோதனையில் மாட்டினால் உள்ள வேலையும் போகும்.

இன்று இரவே பிளேரைட்டை நிறுவி, கோட்ஜென் கட்டளையை ஓட்டுங்கள். நீங்கள் கிளிக் செய்யச் செய்ய அது கோடு எழுதும். லாகின் பக்கத்தில் தப்பான பாஸ்வேர்டு கொடுத்து, பிழைச் செய்தி வருகிறதா என்று சரிபார்க்கும் வரியையும் சேருங்கள். பிறகு வேண்டுமென்றே சரியான பாஸ்வேர்டைக் கொடுத்து ஓட்டுங்கள். அப்போதும் பாஸ் என்று பச்சை காட்டினால் உங்கள் டெஸ்ட் எதையுமே பார்க்கவில்லை, அந்த வரியைத் திருத்துங்கள். ஆபீஸின் லைவ் சைட்டில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்.