‘<0.1’ என்று வந்த ஆய்வக முடிவை என்ன செய்வது?

கேள்வி: காட்மியம் என்ற உலோகத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க 400 பேரின் சிறுநீர் மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பினோம். வந்த எக்செல் கோப்பில் காட்மியம் பத்தியில் பல இடங்களில் ‘<0.1’ என்று இருக்கிறது. சில கட்டங்கள் காலி. பூஜ்யம் போடுவதா, அந்த வரிகளை நீக்கிவிடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். ‘<0.1’ என்பதும் ஓர் அளவுதான், லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற கண்டறிதல் வரம்பை (கருவியால் இருக்கிறது என்று சொல்ல முடிந்த மிகக் குறைந்த அளவை) காட்மியம் எட்டவில்லை என்கிறது. காலிக் கட்டம் எதையும் சொல்வதில்லை. மாதிரி கிடைக்காமல் போயிருக்கலாம், போதாமல் இருந்திருக்கலாம், சிந்தியிருக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கினால் அதன்பின் வரும் கணக்கெல்லாம் கோணலாகிவிடும்.

கோணல் எவ்வளவு என்று பத்தே மாதிரிகளில் பாருங்கள். நான்கு ‘<0.1’, மற்றவை 0.12, 0.15, 0.2, 0.3, 0.4, 0.9. பத்தியைக் கட்டாயமாக எண்ணாக மாற்றினால் ‘<’ குறி உள்ள நான்கும் விடுபட்ட மதிப்புகளாகிவிடும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் தொடர்புப்போக்கு (regression) ஓட்டும்போது அந்த நான்கு பேரும் சத்தமில்லாமல் வெளியே போய்விடுவார்கள். மிஞ்சிய ஆறின் இடைநிலை அளவு 0.25. பத்தையும் வைத்துப் பார்த்தால் 0.135 தான். குறைவான பாதிப்புக்கு உள்ளானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து வீசியிருக்கிறோம். பூஜ்யம் போட்டால் வேறு சிக்கல்: உலோக அளவுகளை லாக் (மடக்கை) எடுத்துத்தான் ஆராய்வோம், பூஜ்யத்துக்கு லாக் கிடையாது.

முதலில் வந்த கோப்பைத் தொடாமல் அப்படியே பூட்டி வையுங்கள். நகலில் காட்மியம் பத்தியை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்: எண், வரம்புக்குக் கீழா (1 அல்லது 0), அந்த மாதிரிக்கான கண்டறிதல் வரம்பு, எந்தத் தொகுதியில் (ஒன்றாகச் சோதிக்கப்பட்ட மாதிரிக் கூட்டத்தில், batch) எந்த நாளில் சோதிக்கப்பட்டது. காலிக் கட்டங்களுக்குக் காரணத்தை எழுதத் தனிப் பத்தி. பிறகு ஆய்வகத்திடம் கேளுங்கள்: வரம்பு எல்லாத் தொகுதிக்கும் ஒன்றேதானா? 0.1 என்பது கண்டறிதல் வரம்பா, நம்பகமாக அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவான, அதைவிட உயரமான அளவிடல் வரம்பா? வரம்புக்குக் கீழே கருவி காட்டிய எண்கள் கிடைக்குமா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. அந்த எண்கள் துல்லியம் குறைந்தவைதான், ஆனாலும் கிடைத்தால் பெரும் உதவி.

இனி நிரப்புவது. பத்தில் ஒன்றுக்கும் குறைவானவை வரம்புக்குக் கீழே என்றால், வரம்பை √2 ஆல் வகுத்து வரும் எண்ணை (இங்கே 0.071) இடலாம். அதற்கு மேல் போனால் ஒரே எண் குவிந்து சிதறலைச் செயற்கையாகச் சுருக்கும். அப்போது பன்முக நிரப்பல் (சாத்தியமான வெவ்வேறு மதிப்புகளால் பலமுறை நிரப்பி, முடிவுகளை ஒன்றுசேர்ப்பது) நல்லது: லாக் அளவில், பூஜ்யத்துக்கும் வரம்புக்கும் இடையே மட்டும் மதிப்புகள் விழும்படி கட்டுப்படுத்தி, நிரப்பிய கோப்பின் 20 நகல்களாவது உருவாக்குங்கள். நிரப்பும் கணித மாதிரியில் (model) வயது, பால், புகைப்பழக்கம், கிரியேட்டினின் (தசையில் உருவாகிச் சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருள்) ஆகியவற்றோடு ரத்த அழுத்தமும் இருக்க வேண்டும். விளைவான ரத்த அழுத்தத்தை வெளியே வைத்து நிரப்பினால், உண்மையில் இருக்கும் தொடர்பும் மங்கிப்போகும். ஐந்தில் நான்கு பங்கு வரம்புக்குக் கீழே என்றால் எந்த வித்தையும் வேண்டாம். ‘கண்டறியப்பட்டது, இல்லை’ என்று இரண்டாகப் பிரித்து ஆராய்வதே நேர்மை.

கிரியேட்டினினில் ஒரு கண்ணி இருக்கிறது. நீர் அதிகம் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும் என்பதால் உலோக அளவைக் கிரியேட்டினினால் வகுப்பது வழக்கம். ஒருவருக்கு ‘<0.1’, கிரியேட்டினின் லிட்டருக்கு 0.35 கிராம். 0.071 ஐ 0.35 ஆல் வகுத்தால் கிராமுக்கு 0.20 மைக்ரோகிராம். இன்னொருவருக்கு 0.3 தெளிவாகவே தெரிந்தது, கிரியேட்டினின் 2.0, வகுத்தால் 0.15. கண்டறியவே படாதவர் மேலே போய்விட்டார்! அதனால் வகுக்காமல், கிரியேட்டினினைத் தனி மாறியாகக் கணித மாதிரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தசை அளவு, வயது, பால் எல்லாம் கிரியேட்டினினை மாற்றுவதும் இதற்கு ஒரு காரணம். கிரியேட்டினின் லிட்டருக்கு 0.3 முதல் 3.0 கிராமுக்கு வெளியே உள்ள சிறுநீர் மாதிரிகளைக் குறித்து வைத்து, அவற்றோடும் அவை இல்லாமலும் கணக்கை ஓட்டிப் பாருங்கள். ஆய்வகம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று தந்திருந்தால் 100 ஆல் வகுத்த பிறகே இதெல்லாம்.

இத்தனைக்கும் முன்னால் தொகுதிப் பத்தியைப் பாருங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒரு தொகுதியிலும் இல்லாதவர்கள் இன்னொன்றிலும் சோதிக்கப்பட்டிருந்தால், தெரியும் வேறுபாடு நோயாலா கருவியாலா என்று எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரு பக்கத்திலிருந்தும் குலுக்கல் முறையில் சில மாதிரிகளை எடுத்து ஒரே தொகுதியில் மறுபடி சோதிக்கச் சொல்வதுதான் வழி. உறைநிலையில் மிச்சச் சிறுநீர் இருக்கிறதா, எப்போது அப்புறப்படுத்தப் போகிறார்கள் என்பதை இன்றே கேட்டுவிடுங்கள்.