ரால்ஃப் நேடர் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: சார், 2000இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் பசுமைக் கட்சி சார்பில் நின்றவர் என்பதற்கு மேல் நேடரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

பதில்: தயவுசெய்து அங்கிருந்து தொடங்காதீர்கள், எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன். 1934இல் கனெக்டிகட் மாநிலத்தின் வின்ஸ்டெட் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் லெபனானிலிருந்து குடியேறி அங்கே உணவகம் நடத்தியவர்கள். ஹார்வர்டில் சட்டம் படித்தவர், 1965இல் அமெரிக்கக் கார்களின் ஆபத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்வேர் என்ற கார் அதில் நன்றாக அடிவாங்கியது. நிறுவனம் நேடர்மேல் துப்பறிவாளர்களை ஏவியது. வேலைக்கு ஆள் எடுக்க விசாரிப்பதுபோல் நண்பர்களிடம் போய் அவருடைய சொந்த வாழ்க்கையைக் கிளறினார்கள். ஒன்றும் சிக்கவில்லை. 1966 மார்ச்சில் நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழு முன் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நேடர் நிறுவனத்தின்மேல் போட்ட வழக்கு 1970இல் 4,25,000 டாலருக்குச் சமரசமானது. அந்தப் பணம் அவருடைய பொதுநலப் பணிக்குப் போனது.

கேள்வி: குடும்பம், சொத்து?

பதில்: திருமணம் செய்துகொள்ளவில்லை, கார் வைத்துக்கொள்ளவில்லை. எளிமையாக வாழ்ந்தார், ஆனால் ஏழை அல்ல. கையில் பங்குகள் இருந்தன.

கேள்வி: புளோரிடாவில் ஓட்டைப் பிரித்து புஷ்ஷை ஜெயிக்க வைத்தவர் அவர்தானே?

பதில்: அமெரிக்காவில் அதிபரை மாநிலவாரியாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்த முறை புளோரிடாவில் ஜெயித்தவருக்கே பதவி என்ற நிலை. அங்கே நேடர் 97,488 ஓட்டு வாங்கினார். குடியரசுக் கட்சியின் புஷ்ஷுக்கும் ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்கும் வித்தியாசம் 537. நேடர் நிற்காவிட்டால் கோர் ஜெயித்திருக்கவே வாய்ப்பு அதிகம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 562 ஓட்டு வாங்கிய சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சி வேட்பாளர்கூட அந்த 537ஐத் தாண்டியவர்தான். கோர் தன் சொந்த மாநிலமான டென்னஸியில் ஜெயித்திருந்தால் புளோரிடாவே தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: அப்படியானால் அவர் தப்பே செய்யவில்லையா?

பதில்: செய்தார். நாடு முழுவதும் 5% வாங்கினால் அடுத்த தேர்தலில் கட்சிக்கு அரசு நிதி கிடைக்கும், அதுதான் குறி என்றார். அதற்கு, கோர் எப்படியும் ஜெயிக்கக்கூடிய கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் ஓட்டுக் கேட்டால் யாருக்கும் இழப்பில்லை. அவரோ இழுபறி மாநிலங்களுக்கும் போனார். கடைசியில் கிடைத்தது 2.74%. இந்த முடிவுக்காக அவர்மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கேள்வி: அதிபர் வேட்பாளர்களின் விவாத மேடையில் ஏன் அவர் இல்லை?

பதில்: கருத்துக்கணிப்புகளில் 15% வேண்டும் என்பது விதி. பாஸ்டனில் நடந்த முதல் விவாதத்துக்குப் பார்வையாளராக டிக்கெட்டோடு போனார். உள்ளே விடவில்லை.

கேள்வி: 97,488 ஓட்டும் கோருக்கு வந்திருக்குமே?

பதில்: மேலே படியுங்கள். எல்லாம் வந்திருக்காது. சிலர் ஓட்டுப் போடவே வந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: புளோரிடாவின் பாம் பீச் பகுதியில் வாக்குச்சீட்டின் வடிவமைப்பால் வாக்காளர்கள் குழம்பினார்களாமே?

பதில்: அது என் துறை இல்லை. தேர்தல் நிர்வாகம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: நேடரால்தானே புஷ்…

பதில்: மூன்றாவது முறை. சரி, அடுத்தது.

கேள்வி: பிறகு நின்றாரா?

பதில்: 2004, 2008 இரண்டிலும் சுயேச்சையாக நின்றார். 2000இல் வாங்கிய அளவை நெருங்கவே இல்லை. அப்புறம் 2015இல் வின்ஸ்டெட்டில் இழப்பீட்டுச் சட்டத்துக்கென்று, அதாவது தீங்கு செய்தவரிடம் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க வழிசெய்யும் சட்டத்துக்கென்று, ஓர் அருங்காட்சியகம் திறந்தார். அதற்குள் ஒரு சிவப்பு கார்வேர் நிற்கிறது.