மூன்றாம் இரவு மட்டும் குளிர்ந்தது ஏன்?

கேள்வி: சென்ற டிசம்பரில் உத்தரகாண்டின் கேதார்கண்டா மலையேற்றத்துக்குச் சென்றிருந்தேன். ஸ்லீப்பிங் பேக்கில் முதல் இரவு இதமாக உறங்கினேன். மூன்றாம் இரவோ அதே பைக்குள் நடுங்கிக்கொண்டே விடியும்வரை கிடந்தேன். பையின் மீது மழையோ பனியோ விழவில்லை. அது பழுதாகிவிட்டதா? இந்த ஆண்டும் அதையே எடுத்துச் செல்லலாமா?
வாசகி, திருச்சி

பதில்: பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. மழை படாவிட்டாலும் உங்கள் உடலின் ஈரமே பையை நனைத்திருக்கும். உறங்கும்போது தோலிலிருந்து வெளியேறும் நீராவி, பைக்குள் அடைத்திருக்கும் வாத்துத் தூவியின் (மெல்லிறகின்) ஊடே வெளியேற முயல்கிறது. கேதார்கண்டாவைப் போல ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரமுள்ள மலையில், வெளியே உறைநிலைக்கும் கீழான குளிர் இருக்கையில், அது வெளித்துணியை எட்டுமுன்பே குளிர்ந்து நீராகவோ பனியாகவோ உள்ளேயே தங்கி, இரவுக்கு இரவு சேர்ந்துகொண்டே போகிறது. பை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. தூவிகளுக்கிடையே நிற்கும் காற்றுதான் உடலின் சூட்டைக் காக்கிறது. ஈரம்பட்ட தூவி ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கிவிட்டால் அந்தக் காற்றுக்கு இடமில்லை. பாலியஸ்டர் பஞ்சு அடைத்த பைகள் ஈரத்தை இதைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் சுமக்கக் கனமானவை.

குளிர் தாளாமல் முகத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சு விடுவதை அவசியம் தவிர்க்க வேண்டும், மூச்சின் ஈரமும் பைக்குள்ளேயே சேரும். கம்பளிக் குல்லாய் அணிந்து, மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரியும்படி பையின் தலைப்பகுதி நாடாவை இறுக்கிக்கொள்ளுங்கள். கூடாரத்தின் காற்றுத் திறப்புகளை முழுவதும் அடைத்தால் உட்சுவரில் நீர் முத்துமுத்தாகப் படியும். பையின் கால்பகுதி அதில் உரசி நனைவதைப் பலர் கவனிப்பதே இல்லை.

காலையில் எழுந்தவுடன், சூடு ஆறுமுன் பையை அழுத்தி உள்ளிருக்கும் ஈரக் காற்றை வெளியேற்றி, உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் விரியுங்கள். வழிகாட்டி அவசரப்படுத்தினால், அடுத்த முகாமை அடைந்ததும் முதல் வேலையாக இதைச் செய்யலாம். மலையில் வெயில் சீக்கிரமே இறங்கிவிடும் என்பதால், தேநீர்கூட அதற்குப் பிறகுதான். நெருப்பின் அருகே மட்டும் உலர்த்த வேண்டாம், ஒரு பொறி பட்டாலே நைலான் உருகி ஓட்டையாகிவிடும். பயணத்தின்போது தடித்த பாலிதீன் உறைக்குள் வைத்து முதுகுப்பையில் அடையுங்கள்.

வீட்டில் அதை இறுக்கிக் கட்டி அலமாரியில் போட்டு வைத்திருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடக்கும் தூவி மீண்டும் எழும்பும் திறனை இழக்கும். பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு வைப்பதே நல்லது. துவைப்பதானால் சாதாரணச் சலவைத்தூள் கூடாது, அது தூவியின் இயற்கை எண்ணெயை நீக்கிவிடும். தூவிக்கென விற்கும் மென்மையான சோப்புத் திரவத்தைப் பயன்படுத்துங்கள். நனைந்த பையை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் உள்தடுப்புகள் கிழியும் என்பதால் இரு கைகளாலும் அடியிலிருந்து ஏந்துங்கள். உலரும்போது விரலுக்குத் தட்டுப்படும் கட்டிகளைப் பொறுமையாக உதிர்த்துவிடுங்கள்.

நன்கு உலர்ந்த பையை ஓர் இரவு தரையில் விரித்து வையுங்கள். காலையில் பையில் தூவி அடைத்த எல்லா அறைகளும் புதிதில் இருந்ததுபோல உப்பி நின்றால் அதையே தயங்காமல் எடுத்துச் செல்லலாம். தூவி ஓரங்களில் ஒதுங்கி, நடுவே துணி மட்டும் கைக்குத் தட்டுப்பட்டால், டிசம்பர் பனிக்கு அது போதாது.