கோபிநாத ராவுக்கும் குமரி மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு?

து. அ. கோபிநாத ராவ் 1908-ல் திருவிதாங்கூர் தொல்லியல் துறையின் தலைவரானார். அன்று நம்ம குமரிப் பகுதியும் திருவிதாங்கூர்தான். இந்துச் சிற்பவியல் நூலால்தான் பெரும்பாலோர் அவரை அறிவார்கள்; நமக்கு முக்கியம் அவர் பதிப்பித்த, குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரம் செப்பேடு.

ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறை ஊர்ச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கி, விஷ்ணு கோயில் கட்டி, காந்தளூரில் இருந்த சாலையின் முறைப்படி 95 மாணவருக்குச் சாலையும் (தங்கிப் படிக்கும் கல்விக்கூடம்) அமைத்ததை அது சொல்கிறது.

அதிலுள்ள காலக்குறிப்பு அபூர்வம்: கலி நாள் 14,49,087, அதாவது கலியுகம் தொடங்கியதிலிருந்து கழிந்த நாட்களின் எண்ணிக்கை. இதை 365.25-ஆல் வகுத்தால் 3967 ஆண்டும் சில மாதமும். கலியுகத் தொடக்கத்துக்கும் கி.பி. தொடக்கத்துக்கும் இடைப்பட்ட 3101 ஆண்டைக் கழித்தால் கி.பி. 866. வெறும் 365-ஆல் வகுத்தால் 3970 வரும், மூன்றாண்டு பிசகிவிடும். ஆட்சியாண்டு மட்டும் தரும் கல்வெட்டுகளில் இந்தத் துல்லியம் கிடைக்காது.