செத்த திமிங்கிலமும் கடல் காற்றாலையும்

கேள்வி: ‘கடலில் காற்றாலை நட்டால் திமிங்கிலங்கள் செத்துக் கரை ஒதுங்கும்’ என்று வாட்ஸப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. மன்னார் வளைகுடாவிலும் நடப்போகிறார்களாமே? - ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: திட்டம் உண்மைதான். தமிழகக் கடலில் 500, குஜராத் கடலில் 500 மெகாவாட்டுக்கு நிதி உதவி தர 2024-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

திமிங்கிலக் கதை கிளம்பியது அமெரிக்காவின் கிழக்குக் கரையில். 2016 முதல் அங்கே கூன்முதுகுத் திமிங்கிலங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சாகின்றன. அந்த ஆண்டு அந்தக் கடலில் நின்ற காற்றாலைகள் ஐந்தே ஐந்து! பரிசோதித்த உடல்களில் சுமார் 40 சதவீதத்தில் கப்பல் மோதிய காயமோ, வலையும் கயிறும் சுற்றிய தடமோ இருந்தது. தயவுசெய்து அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அப்படியானால் கெடுதலே இல்லையா? இருக்கிறது, முக்கியமாகக் கட்டும்போது. காற்றாலையைத் தாங்கும் தூணான ராட்சத இரும்புக் குழாயைக் கடல் தரையில் இறக்க, சம்மட்டி ஆயிரக்கணக்கான முறை அடிக்கிறது. ஐரோப்பாவின் வடகடலில் அந்தச் சத்தம் தாங்காமல், ஓங்கிலின் (டால்பின்) உறவான போர்பாய்ஸ்கள் 20 கிலோமீட்டர் வரை விலகி ஓடியிருக்கின்றன. ஜெர்மனி சும்மா இருக்கவில்லை. 750 மீட்டர் தொலைவில் ஓர் அடியின் சத்தம் 160 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. அதற்காகக் குழாயைச் சுற்றித் துளை போட்ட ஹோஸைத் தரையில் வளையமாகப் போட்டு, காற்றைச் செலுத்துகிறார்கள். மேலெழும் குமிழித் திரை சத்தத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

அடி நின்றதும் போர்பாய்ஸ்கள் திரும்புகின்றன. தூண்களில் சிப்பி அப்பிக்கொள்கிறது, நண்டு வருகிறது, மீன் கூடுகிறது. உடலில் கருவி பொருத்திய சில கடல்நாய்கள், கோலம் போடப் புள்ளி தொடுவதுபோல, ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நேர்கோட்டில் போய் இரை தேடியது 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. ஆனால் லூன் என்ற நீர்ப்பறவைகள் காற்றாலைகள் நின்ற இடத்தை விட்டு ஒதுங்கியே இருக்கின்றன.

இதைக் காட்டி ‘நம் கடலுக்கும் நல்லதுதான்’ என்பவர்களை நான் நம்பவில்லை. வடகடலின் தரை பெரும்பாலும் மணல், காலங்காலமாக இழுவலை சுரண்டிய தரை. அங்கே ஒரு தூண் நட்டால் அது புதுப் பாறை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் பவளப்பாறையும் கடற்புல்லும் ஏற்கெனவே இருக்கின்றன, அந்தப் புல்லை மேய்கிற ஆவுளியாவும் (கடல்பசு) இருக்கிறது. நமக்குப் புதுப் பாறை வேண்டாம், இருப்பது பிழைத்தால் போதும். எல்லாப் பருவத்திலும் கடலை அளந்து, மீனவர்களிடம் கேட்டு, அப்புறம்தான் இடம் குறிக்க வேண்டும்.

உங்கள் ஊரில் கருத்துக்கேட்பு நடந்தால் போங்கள். சம்மட்டி அடிக்கும்போது 750 மீட்டரில் எத்தனை டெசிபல், குமிழித் திரை உண்டா, அளந்த கணக்கை யாரிடம் காட்டுவீர்கள் என்று கேளுங்கள்.