பிபி சரியாக இருந்தும் சிஸ்டர் ஏன் டாக்டரைக் கூப்பிட்டார்?

அன்புள்ள அக்காவுக்கு,

குடல் ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் இரவு, அப்பாவுக்கு பிபியும் ஆக்சிஜனும் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் சிஸ்டர் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். உள்ளே ரத்தம் கசிவது தெரிந்து, உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார். டாக்டர் சொன்னதைச் செய்வதுதான் நர்ஸ் வேலை என்று நினைத்திருந்தேன். அவருக்கு எப்படித் தெரிந்தது? உள்ளுணர்வா?

க., திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

அப்பா வீடு திரும்பியதில் ரொம்ப சந்தோஷம். நைட் டியூட்டி பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: அந்த சிஸ்டர் அனேகமாக அப்பாவின் மூச்சை எண்ணியிருப்பார்.

உள்ளே ரத்தம் கசிந்தால் பிபி உடனே விழாது. இதயம் வேகமாக அடிக்கும், கைகால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், உடம்பு எப்படியோ சமாளிக்கும். சுமார் 30 சதவீத ரத்தம் போகும்வரைகூட பிபி நன்றாகவே காட்டலாம். அதற்கு முன்பே பல்ஸ் ஏறும், மூச்சு வேகமாகும், கை சில்லிடும், மூத்திரம் குறையும். சாயங்காலம் நன்றாகப் பேசியவர் நிலைகொள்ளாமல் புரண்டு படுப்பார். மூச்சை ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். பார்க்காமலே ‘20’ என்று சார்ட்டில் எழுதும் வழக்கம் இருக்கிறதே, அதில் எனக்குத் தீராத கோபம்.

பிரிட்டனில் 2012இல் வந்த ‘நியூஸ்’ (NEWS) என்பது, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் மதிப்பெண் அட்டவணை; மதிப்பெண் ஏற ஏற ஆபத்து அதிகம். அதன்படி, மூச்சு நிமிடத்துக்கு 25ஐத் தொட்டாலே 3 மதிப்பெண். அது ஒன்றே டாக்டரை அழைக்கப் போதும். சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் 1990இல் தொடங்கிய அவசரக் குழுவை, நர்ஸுக்குக் கவலையாக இருக்கிறது என்பதற்காகவே கூப்பிடலாம். நம் ஊரிலும் அப்படி வேண்டும்.

அடுத்தது போன். நடு ராத்திரியில் “சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்” என்றால், “காலையில் பார்க்கலாம்” என்று பதில் வரும். “பல்ஸ் 88 இருந்தது, இப்போ 118. மூச்சு 26. யூரின் குறைஞ்சிடுச்சு. நீங்க வந்து பார்க்கணும்” என்றால் எழுந்து வருவார். எதைச் சொல்வது, எப்போது விடாப்பிடியாக நிற்பது, இதற்கிடையில் மற்ற படுக்கைகளில் யாரைக் காத்திருக்க வைப்பது என்பதெல்லாம் அந்த நேரத்தில் சிஸ்டர் எடுக்கும் முடிவுதான். கேஸ் ஷீட்டில் இருக்கும் ஆர்டர் இதையெல்லாம் சொல்லித் தராது.

செக்கப்புக்குப் போகும்போது அன்று இரவு டியூட்டியில் யார் இருந்தார்கள் என்று விசாரித்து, நர்சிங் சூப்பரிண்டெண்ட்டிடம் நாலு வரி எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் புகார்தான் எழுத்தில் போகிறது. இதுவும் போகட்டும்.

அன்புடன்,
அக்கா